கவனித்துக் கெடுத்த கால்கள்

பிள்ளைகளே, இரண்டு காலும் நன்றாக உள்ள ஒரு மனிதனை அவனுடைய வீட்டாரே சேர்ந்து, மிகுந்த மரியாதையோடு, ஒரு குறையும் வைக்காமல், நடக்க ஏலாதவனாக்கிவிடலாம். இதை நான் கண்டிருக்கிறேன். கண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். செய்தவர்களில் நானும் ஒருவன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உடம்பைப் பற்றிப் படித்தவர்கள் எழுதுவது போல எனக்கு எழுத வராது. எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாளைக்கு நீங்களும் எனக்கு அதையே செய்துவிடுவீர்களோ என்ற பயமும் இதற்கு ஒரு காரணம்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வன்னிப் பக்கம் முரசுமோட்டையில் காணி எடுத்து, யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. என்னை வளர்த்தவர் என் தகப்பனாரின் தமையன். அவர் எனக்குப் பெரியப்பா, அவருடைய மனைவி பெரியம்மா. அவர்களுடைய ஒரே மகனை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அண்ணைக்குக் கலியாணமாகி அண்ணி வந்த பிறகு வீட்டில் நாங்கள் ஐந்து பேர்.

காடு வெட்டிய காலத்தில் பெரியப்பா ஒரு சாக்கு நெல்லைத் தனியே முதுகில் ஏற்றிச் சேற்றுக்குள்ளால் வண்டில் வரைக்கும் கொண்டுவந்து போடுவார். போட்டுவிட்டு மூச்சு வாங்க மாட்டார். அந்த நேரத்தை மிச்சம் பிடித்து எங்களை ஏசுவார். முழங்காலுக்கு மேலே அவருடைய தொடை பாலைக் குற்றி மாதிரி இருக்கும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மகன் கலியாணம் கட்டிக் கமத்தைப் பொறுப்பெடுத்துவிட்டால், அதற்குப் பிறகு தகப்பன் மண்வெட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் மகனுக்கு வெட்கக்கேடு. தகப்பனுக்கு உடம்பு எப்படி, மனம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. ஊர் பார்க்கும்போது அவர் சும்மா இருந்துகொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே அண்ணை யாழ்ப்பாணம் போய் ஒரு சாய்மனைக் கதிரை வாங்கினார். அது லொறியில் பரந்தன் சந்திக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வண்டிலில், சாமி எழுந்தருளுவது போல வந்தது. பிரம்பு பின்னிய நல்ல கதிரை. அதில் சாய்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்கும். விழுவது சுகம், எழும்புவதுதான் பாடு. வாய்க்கால் கரை முழுவதும் வந்து பார்த்தது. ஒவ்வொருவரும் கையால் தடவிப் பார்த்தார்கள். கதிரையைத்தான்.

முதல் நாள் பெரியப்பா அதில் கொஞ்ச நேரம்கூட இருக்கவில்லை.

“முதுகு நோகுது. நான் ஒருக்கா வரம்பைப் பாத்திட்டு வாறன்” என்று எழும்பினார்.

அண்ணை ஓடிவந்து மண்வெட்டியைப் பறித்தார். “ஐயா, உங்களுக்கு என்ன விசரோ? சனம் என்னைத்தானே பேசும்.”

“சனம் வரம்பு கட்டித் தருமோடா?”

“நான் கட்டுவன். நீங்கள் ஆறியிருங்கோ.”

ஆறியிருந்தார். ஆறத் தொடங்கின மனிதரை நாங்கள் முழுக்கவே ஆற வைத்தோம். காலையில் அண்ணி முட்டைக் கோப்பி கொண்டுவந்து கையில் கொடுப்பா. குளிக்கிற நேரம் நான் துலா மிதித்துத் தண்ணீர் அள்ளி, கல்லில் இருக்கிறவரின் தலையில் ஊற்றுவேன். வெற்றிலையை இடித்துக் கொடுத்தோம். செருப்பைக் காலடியில் கொண்டுவந்து வைத்தோம். விழுந்த சால்வையை அவர் குனியுமுன் எடுத்துக் கொடுத்தோம். அவர் எழும்ப வேண்டுமென்றால் வலப்பக்கம் அண்ணை, இடப்பக்கம் நான். தூக்கி நிறுத்திவிட்டு இரண்டு பேரும் வாசல் படலைப் பக்கம் ஒருமுறை பார்ப்போம். யாராவது கண்டார்களோ என்று. கண்டவர்களும் உண்டு. “பெத்தா உப்பிடிப் பிள்ளையளைப் பெறவேணும்” என்று வேலிக்கு அப்பாலிருந்து சொல்லுவார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு நாங்கள் இன்னும் பலமாகத் தூக்குவோம்.

பெரியம்மாவுக்கு யாரும் கதிரை வாங்கவில்லை. அவ பெரியப்பாவைவிட மூன்று நான்கு வயதுதான் இளையவ. நெல்லுக் குத்துவது அவ, மாட்டுக்கு வைக்கோல் இழுப்பது அவ, குசினிக்குள் குந்தியிருந்து அடுப்பு ஊதி எழும்புவதும் அவ. ஒரு நாளைக்கு எத்தனை தரம் குந்தி எழும்பினாவோ, எண்ண ஆளில்லை. அவவுடைய கையிலிருந்து உலக்கையைப் பறித்து “சனம் என்ன சொல்லும்” என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை. சனமும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்தில் பெரியப்பாவுக்கு வயிறு வந்தது. கழுத்தில் மடிப்பு விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் “ஆள் நல்லாத் தேறிப்போனார், வன்னித் தண்ணி பிடிச்சிட்டுது” என்று புகழ்ந்தார்கள். அண்ணைக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு போகம் அறுவடை முடிந்து, நெல் வாங்குகிற கூட்டுறவுச் சங்கத்து ஆட்கள் நிறுக்கப் பலகைத் தராசு கொண்டுவந்திருந்தார்கள். வேலை முடிந்ததும் பகிடிக்குப் பெரியப்பாவை அதில் ஏற்றினோம். ஏற்றியதும் நாங்கள் இரண்டு பேரும்தான். ஒன்றரை அந்தருக்கு மேலே காட்டியது. ஒரு சாக்கு நெல்லைவிடக் கூட. களத்தில் நின்றவர்கள் எல்லாரும் “ஓ” என்றார்கள். அண்ணை தன்னுடைய விளைச்சலைக் காட்டுகிறவர் மாதிரி நின்றார்.

பிறகு சுளகோடு நின்ற பெரியம்மாவையும் ஏற்றினார்கள். பாதியும் இல்லை. தராசுக்காரன் கேட்டான், “என்னணை ஆச்சி, உங்களுக்குத் தின்னக் குடுக்கிறேல்லையோ?”

“தின்னக் குடுக்கினம் ராசா” என்றா பெரியம்மா. “இருக்கத்தான் விடுகினமில்லை.”

எல்லாரும் சிரித்தோம். சுளகை எடுத்துக்கொண்டு அவ பலகையிலிருந்து குதித்து இறங்கிப் போனா. பெரியப்பாவை இறக்க நாங்கள் இரண்டு பேர் போனோம். அந்த இடத்திலாவது எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். நாங்கள் என்ன கடை வைத்தவர்களா? கமக்காரர். ஈர நெல் நிறுத்தால் கூடக் காட்டும், காய்ந்தால் போய்விடும் என்பது தெரிந்தவர்கள். தராசு நெல்லையும் ஈரத்தையும் பதரையும் பிரித்துச் சொல்லாது என்பதும் தெரியும். ஆனால் தகப்பனை நிறுத்தபோது அந்த அறிவெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வயிறு ஏறிக்கொண்டிருந்தது, தொடை வற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய் பூசும்போது என் கைக்குத் தோல் தொளதொளவென்று, அரைவாசி கொட்டின சாக்கு மாதிரிப் பிடிபட்டது. வயது போனால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் பெரியம்மா நெல்லுக் குத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒருவர் வளவிலும் மலகூடம் கிடையாது. செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு அப்பால் பற்றைக்குள் போய்க் குந்த வேண்டும். வெட்கப்படாமல் வாசியுங்கள் பிள்ளைகளே, இதில்தான் விஷயம் இருக்கிறது. பெரியப்பாவின் எல்லா வேலையையும் நாங்கள் செய்தோம். இந்த ஒன்றை மட்டும் அவருக்காக எங்களால் செய்ய முடியவில்லை. அந்த ஒன்றுக்குத்தான் அவர் தினமும் தனியே நடந்தார்.

ஒருநாள் காலையில் போனவர் திரும்பி வரவில்லை. வெயிலும் ஏறிவிட்டது. பெரியம்மா சொல்லி நானும் அண்ணையும் ஓடினோம். பற்றைக்குள் வேட்டியைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தார். விழவில்லை, காயமில்லை.

“குந்தினனான். எழும்ப ஏலாமப் போச்சு” என்றார்.

“கூப்பிட்டிருக்கலாமே ஐயா!”

“என்னெண்டு கூப்பிடுறது?”

தூக்கி நிறுத்தினோம். படலையடியில் என் கையை அழுத்தி, “ஒருத்தருக்கும் சொல்லாதை மோனை” என்றார். நான் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் வாய்க்கால் கரை முழுவதும் தெரிந்துவிட்டது. அண்ணை சொல்லியிருந்தார். பெருமையாகத்தான். “நான் போகாட்டி அந்த மனிசன்ரை கதி என்ன” என்று.

அதற்குப் பிறகு பெரியப்பா பாதிச் சோறுதான் சாப்பிட்டார். பசியில்லை என்றார். பெரியம்மா மூன்று நாள் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னா: “பசி இல்லாமலில்லை. திண்டால் போகவேணும், போனால் குந்தவேணும். அந்தப் பயத்திலை தின்னுறாரில்லை.”

பரியாரியார் வந்து நாடி பிடித்து வாதம் என்றார். எண்ணெய் தந்தார். “ஆளை அலைய விடாதேங்கோ, ஆறியிருக்கட்டும்” என்று சொல்லிப் போனார். ஆறியிருந்து ஆறியிருந்து வந்த வருத்தத்துக்கு இன்னும் ஆறியிருக்கச் சொன்ன அந்த வைத்தியத்தை நாங்கள் பயபக்தியோடு செய்தோம்.

பிறகுதான் அண்ணைக்கு அந்த யோசனை வந்தது. நடுவில் ஓட்டை வைத்த ஒரு கதிரை. கீழே ஒரு சட்டி. வீட்டுப் பின்புறம் ஓலையால் மறைப்பு. சட்டியை அண்ணியும் நானும் முறை வைத்து எடுத்து ஊற்றுவது. முற்றத்தில் நின்று, பெரியப்பாவுக்கும் கேட்க, அயலுக்கும் கேட்க, உற்சாகமாகச் சொன்னார். தச்சு ஆசாரியாரிடம் போய்ச் சொல்லியும் விட்டார். ஆசாரியார் கையிலுள்ள வண்டில் சில்லை முடித்துவிட்டு, பறுவத்துக்குள், அதாவது பூரணைக்குள், செய்து தருவதாகச் சொன்னார். அமாவாசை கழிந்து அப்போதுதான் ஒரு நாள்.

அன்றைக்குக் கிணற்றடியில் நான் தலையில் தண்ணீர் ஊற்றும்போது, அந்தத் தண்ணீருக்குள்ளே இருந்து பெரியப்பா சொன்னார்: “மோனை, அந்தக் கதிரை வீட்டுக்கை வந்தால், நான் சாப்பாட்டை முழுசா விட்டிடுவன். மருமேளைக் கொண்டு எனக்கு உது அள்ளுவிக்க மாட்டன்.”

அவர் சும்மா சொல்லுகிற ஆள் இல்லை. முழங்கால் எண்ணெய் வாங்கப் போவதாகச் சொல்லி, அடுத்த நாளே நான் அவரை வண்டிலில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியிடம் கொண்டுபோனேன்.

அப்போதிக்கரி மெலிந்த, கண்ணாடி போட்ட, யாரையும் மதியாத மனிதர். காலை அமத்திப் பார்த்தார். ஒரு நீட்டு மர வாங்கில் இருத்தினார்.

“ரெண்டு கையையும் நெஞ்சிலை கட்டிக்கொண்டு எழும்பும் பாப்பம்.”

பெரியப்பா முன்னுக்குச் சாய்ந்தார், பின்னுக்குச் சாய்ந்தார், வாங்கு கீச்சிட்டது. எழும்பவில்லை. என் கை தானாகவே அவருடைய கமக்கட்டுக்குள் போய்விட்டது.

“நீர் ஆர்?” என்று என்னைக் கேட்டார் அப்போதிக்கரி.

“பெறாமகன்.”

“வீட்டிலையும் உப்பிடித்தானோ?”

“ஓம் ஐயா. நாங்கள் ரெண்டு பேர் மாறி மாறி. ஒரு குறையும் விடுறேல்லை.”

அவர் பெரியப்பா பக்கம் திரும்பினார். “உமக்கு வருத்தம் ஒண்டுமில்லை. உம்மடை வருத்தம் இந்தா, சேட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்திலை நிக்குது.”

மருந்துப் போத்தல் நிறைந்த அந்த அறையிலிருந்து எங்களுக்கு ஒரு போத்தலும் கிடைக்கவில்லை. உயரமான ஒன்றில் இருந்து எழும்பு, இரு, எழும்பு, இரு. காலமை பத்து, பின்னேரம் பத்து. ஏலுமென்றால் பிறகு பதிவான, உயரம் குறைந்த ஒன்றில். தண்ணீரைத் தானே அள்ளு. சோற்றைக் குறை, ஆனால் வயிற்றைக் காயப்போடாதே. மீன், முட்டை, பயறு தின். பாவிக்காத தசை கிழவனுக்குக் கெதியாகப் போகும், பாவித்தால் கிழவனுக்கும் கொஞ்சம் திரும்பி வரும். இதுதான் முழு வைத்தியம்.

வீட்டில் வந்து சொன்னேன். அண்ணை கொதித்தார். “மருந்து தராதவன் என்ன அப்போதிக்கரி? ஐயாவைத் தண்ணி அள்ள விட்டிட்டு நான் சங்கத்திலை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?”

பெரியம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. வந்து சாய்மனைக் கதிரையை வைக்கோல் கொட்டிலுக்குள் இழுத்துக்கொண்டு போனா. அந்த இடத்தில் நெல்லுப் பெட்டியை வைத்தா.

“உன்ரை முகத்தை அதிலை வை” என்றா கொட்டில் பக்கம் காட்டி. “இஞ்சாருங்கோ, இதிலை வந்து இருங்கோ. எண்ணுறது நான். எழும்பிறது நீங்கள்.”

அவ எண்ணியதும் ஒரு எண்ணிக்கை! முதுகு நிமிராவிட்டால் எண் ஏறாது. “நாலு… நாலு… நாலு…”

“இஞ்சை, இது ஆறாவது.”

“ஆர் எண்ணின ஆறு? வளைஞ்சு கிடக்கு. நாலு.”

முதல் கிழமை விறாந்தைத் தூணைப் பிடித்துத்தான் எழும்பினார். என்னையும் அண்ணையையும் பெரியம்மா பக்கத்தில் விடவில்லை. வெற்றிலைத் தட்டம் விறாந்தையின் மற்றத் தொங்கலுக்குப் போனது. முட்டைக் கோப்பி நின்றது, முட்டை அவித்துச் சோற்றோடு வந்தது. துலா மிதிக்கப் பெரியப்பாவால் ஏலவில்லை. அதற்குப் பதிலாக நான் அள்ளி நிரப்பிய வாளியைக் கிணற்றடியிலிருந்து கல் வரைக்கும் தானே தூக்கினார். பாதித் தண்ணீர் வழியில் போகும். போகட்டும் என்று விட்டோம். அந்த “போகட்டும்” என்பதுதான் எங்களுக்கு வாழ்க்கையில் மிகவும் பாரமாயிருந்த வேலை.

சனம் சொன்னது. அண்ணை பயந்தபடியே சொன்னது. பக்கத்து வளவுப் பெண் வேலிக்கு மேலால் கேட்டா: “என்ன, அந்தக் கிழவனைக் கொண்டு வாளி தூக்குவிக்கிறியள்? மருமேள் வந்த வீட்டு லட்சணமோ?” அண்ணி குசினிக்குள் அழுதா. கிழவனைத் தூக்கித் தூக்கி முடமாக்கின நாளெல்லாம் எங்களைப் புகழ்ந்த அதே வாய்! சங்கத்தடியில் அண்ணையைக் கண்டால் ஆட்கள் கதையை நிறுத்தினார்கள். “நான் இவளையும் கூட்டிக்கொண்டு துணுக்காய்க்கு, மாமா வீட்டை போயிடுறன்” என்று தினமும் சொன்னார். போகவில்லை. ஓட்டைக் கதிரை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தார். அந்தக் கதிரை வருமுன் தேறிவிட வேண்டுமென்றுதான் பெரியப்பாவும் எழும்பி எழும்பி இருந்து பழகினார்.

பறுவத்துக்கு முதல் நாள் பின்னேரம், கதிரை முடிந்துவிட்டது, வந்து எடுக்கலாம் என்று ஆசாரியார் ஆள் அனுப்பினார். விடிய வண்டில் கட்டுகிறேன் என்றார் அண்ணை. பெரியப்பா அன்றைக்கு முழுச் சோறும் சாப்பிட்டார். இரண்டாவது தரமும் கேட்டார். பெரியம்மா போட்டா.

விடிந்ததும் அவர் செம்பை எடுத்தார்.

“நானும் வாறன் ஐயா” என்று அண்ணை எழும்பினார்.

“ஒருத்தரும் வரப்படாது.”

போனார். வரம்பில் மெல்ல, ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து, வாய்க்கால் பலகையைக் கடந்து போனார். நாங்கள் இரண்டு பேரும் சொல்லை மதிக்கிறவர்களா? இன்னொரு வரம்பால் குனிந்து ஓடி, ஒரு வீரைமரத்துக்குப் பின்னால் நின்றோம். முப்பது வயதான இரண்டு ஆண்கள், ஒரு கிழவன் வெளிக்கிருப்பதை ஒளித்துப் பார்க்க.

பற்றைக்கு மேலே அவருடைய தலை தெரிந்தது. பிறகு தலை கீழே போனது. ஒரு காகம் கத்தியது. நேரம் போனது. அண்ணை என் காதுக்குள், “ஏலாமக் கிடக்கிறார்போலை. வா, தூக்குவம்” என்றார். நான் அவருடைய வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். காலடியில் சுள்ளி முறிந்தது.

பற்றைக்குள்ளிருந்து சத்தம் வந்தது: “ரெண்டு பேரும் அங்காலை திரும்பி நில்லுங்கோடா, வெக்கம் கெட்டதுகள்.”

திரும்பி நின்றோம். ஆகவே அவர் எப்படி எழும்பினார் என்று என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது. கேட்டதை மட்டும் சொல்கிறேன். ஒரு முனகல். மண்ணில் கை ஊன்றிய சத்தம். பிறகு தொம்மென்று திரும்பவும் கீழே. அண்ணை திரும்பப் பார்த்தார். “அசையாதை” என்றேன். ஒரு கொப்பு கிறீச்சிட்டு இலைகள் சரசரத்தன. இன்னொரு முனகல், முதலாவதைவிட நீளம். அதோடு ஒரு கெட்ட வார்த்தை. அது எங்களுக்கா, முழங்காலுக்கா தெரியாது. பிறகு செம்பிலிருந்து மிச்சத் தண்ணீர் சிந்துகிற சத்தம். பிறகு காலடி.

பெரியப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் வந்தார். வேட்டி முழுக்க மண். முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. நிற்கவில்லை. “வழியை விடுங்கோ” என்றார்.

நாங்கள் வரம்பில் பின்னால் போனோம். அவர் நடந்த வேகத்துக்கு ஒவ்வொரு அடிக்கும் நாங்கள் நிற்க வேண்டியிருந்தது. பலகையடியில் பக்கத்து வளவுக்காரர் மாடு கழுவிக்கொண்டிருந்தார். முன்னால் போகிற கிழவனையும், கை வீசிக்கொண்டு பின்னால் வருகிற எங்களையும் பார்த்தார்.

“என்ன தம்பி, தேப்பனைத் தனிய விட்டிட்டியள்?”

அண்ணை தலையைக் குனியவில்லை. “நாங்கள் விடேல்லை” என்றார். “அவர்தான் எங்களை விட்டிட்டுப் போறார்.”

அன்றைக்கு அண்ணை ஆசாரியாரிடம் போக வண்டில் கட்டவில்லை.